பழுப்புக் கோழிக்கு முட்டை அடைத்திருக்கிறது, தோல்முட்டையும் வருகிறது: தீனிக் கோளாறா, நோயா?

எழுதியவர்: கொல்லைத்தோட்டம் (பட்டீஸ்வரம்)

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகத்தான் கேட்கிறேன், இருந்தாலும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக் கொல்லையில் பிவி 380 என்கிற முட்டையின பழுப்புக் கோழிகள் வளர்க்கிறேன். ஆறு இருந்தன, இப்போது ஐந்து. போன ஐப்பசியில் முட்டைக்கு வரும் பருவத்தில் வாங்கியவை. ஆரம்பத்தில் லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழிக்கான கடைத் தீவனம், ஒரு மூட்டை வாங்கினோம். அது தீர்ந்ததும் வீட்டுத் தீனிதான். பிள்ளைகள் சாப்பிடுகிற முட்டை, மருந்து கலந்த கடைத் தீவனம் வேண்டாம் என்றார் மாமியார். எனக்கும் அது சரியாகப் பட்டது. காலையில் குருணையும் தவிடும் பிசைந்து வைப்பேன். மதியம் மிஞ்சின சோறு. சாயங்காலம் கம்பு. முருங்கைக்கீரை தினமும் ஒரு கொத்து கட்டித் தொங்கவிடுவேன். பகல் முழுக்கக் கொல்லையில் மேய்ச்சல்.

தை வரைக்கும் முட்டை அருமையாக இருந்தது. மாசியில் ஓடு மெலிந்து, மேலே சொரசொரப்பு தட்டியது. இப்போது சித்திரை வெயிலில் ஓடே இல்லாத தோல்முட்டையாகவே கிடக்கிறது. சிலதை அதுகளே கொத்திக் குடித்துவிடுகின்றன. போன வாரம் ஒரு கோழி காலையில் கூட்டுக்குள் செத்துக் கிடந்தது. முந்தின நாள் நன்றாகத்தான் மேய்ந்தது. கொண்டை மட்டும் வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா அறுத்துப் பார்த்துவிட்டு, வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பு, ஈரலைச் சுற்றி ரத்தக்கட்டி என்றார்.

இன்று இன்னொன்று. பெரியவள் என்று கூப்பிடுவோம். நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள், வால் தொங்குகிறது. முட்டைப் பெட்டிக்குள் போகிறாள், வருகிறாள், முக்குகிறாள். தீனி எடுக்கவில்லை. நேற்றும் முட்டை இல்லை.

சுண்ணாம்புத் தெளிநீர் தினமும் வைக்கிறேனே, அது போதாதா? இது தீனியால் வந்ததா, நோயா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எழுதியவர்: நாமக்கல்காரன்

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம் தங்கச்சி. முதலில் பெரியவளைக் கையில் எடுங்கள். முட்டை அடைத்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ஒருவர் இறக்கை இரண்டையும் அணைத்து மடியில் பிடித்துக்கொள்ளட்டும். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். முட்டை அங்கே இருந்தால் கெட்டியாக உருண்டையாகத் தட்டும். தோல்முட்டை என்றால் பிடிபடாது, அந்த இடம் புடைத்து மட்டும் இருக்கும். எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லு முட்டைக்குழாயைக் கிழித்துவிடும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, வயிறு மூழ்கும்படி பதினைந்து இருபது நிமிடம் உட்கார வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு போதும். முதலில் திமிறும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடங்கிவிடும். ஆறினால் வெந்நீர் சேருங்கள், கோழி மேல் படாமல். எடுத்துத் துடைத்து, ஆசனவாயைச் சுற்றிக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பிறகு அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, இருட்டாக, காற்று வருகிற அறையில் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்க வேண்டாம். பயந்த கோழி முட்டையைத் தள்ளாது. கால்நடை மருந்துக் கடையில் கோழிக்கான திரவக் கால்சியம் கிடைக்கும், வைட்டமின் டி3 சேர்ந்ததாகக் கேளுங்கள். அட்டையில் போட்டிருக்கிற அளவை அலகோரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மாலைக்குள் முட்டை வரவில்லை என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நேற்றிலிருந்தே இப்படி என்றால் நேரம் குறைவு.

சரி, இப்போது தீனி. நான் நாமக்கல் பக்கத்து லேயர் பண்ணைகளில் சூப்பர்வைசராக ரொம்ப காலம் இருந்தவன். இப்போது ராசிபுரத்தில் வீட்டோடு பதினைந்து கோழி வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு நோயின் அடையாளம் அதிகம் தெரியவில்லை. பட்டினி தெரிகிறது. வயிறு நிறைந்த பட்டினி.

கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்கிற கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் உடம்பில் ஒட்டும். அதனால் தினமும் முட்டை போடுகிற கோழிக்கு நாளைக்கு 4 கிராம் வேண்டும். லேயர் தீவனத்தில் மூன்றரை முதல் நாலு சதவீதம் கால்சியம் வைப்பது இதற்காகத்தான். 110 கிராம் தின்றால் கணக்கு சரியாகிவிடும். உங்கள் குருணை, சோறு, கம்பு எல்லாம் சேர்த்து 110 கிராம் தின்றாலும் அதில் கால்சியம் கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முருங்கைக்கீரை நல்லதுதான், நிறுத்தாதீர்கள். ஆனால் 100 கிராம் கீரையில் அரை கிராமுக்கும் குறைவு, ஒரு கோழி அவ்வளவு கீரை தின்னாது. சுண்ணாம்புத் தெளிநீரும் அப்படியே. சுண்ணாம்பு தண்ணீரில் கரைவதே கொஞ்சம். தெளிந்த நீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் கால்சியம்கூட இருக்காது. கோழி குடிப்பதோ கால் லிட்டர். அதை மட்டும் நம்பி முட்டை எதிர்பார்க்க முடியாது. அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கலக்கி வைத்துவிடாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

அப்படியென்றால் தை வரைக்கும் ஓடு எங்கிருந்து வந்தது? எலும்பிலிருந்து. முட்டைக்கு வரும்போது பொட்டைக்கோழியின் கால் எலும்புக்குள் தனியாக ஒரு கால்சியச் சேமிப்பு உருவாகும். தீனியில் குறைந்தால் அதைக் கரைத்து ஓடு கட்டும். கோழியின் உடம்பு முழுவதிலும் இருப்பதே 20 கிராம் அளவுதான். ஒவ்வொரு முட்டையும் அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. பிவி 380 நல்ல தீனியில் ஆண்டுக்கு 280-க்கு மேல் போடுகிற இனம். தீனி குறைகிறது என்று அது உடனே நிறுத்தாது. தன் எலும்பைக் கொடுத்துக்கொண்டே போடும். உங்கள் கோழிகளின் நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள். நேராக ஓடாமல் வளைந்திருந்தால், எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முட்டை அடைப்பும் இதிலிருந்துதான் வரும். முட்டையை வெளியே தள்ளுவது தசை. அது இறுகித் தள்ள ரத்தத்தில் கால்சியம் வேண்டும். கால்சியம் இறங்கிவிட்டால் முக்க முக்க முட்டை நகராது. அதோடு உள்ளே கொழுப்பு மண்டியிருந்தால் வழியும் குறுகிவிடும்.

செத்த கோழியைப் பற்றி. தாத்தா அறுத்துப் பார்த்துச் சொன்னது பெரிய உதவி. மஞ்சள் கொழுப்பு, ஈரலில் ரத்தக்கட்டி, வெளுத்த கொண்டை என்றால் அது கொழுப்பு ஈரல். பண்ணையில் கோடையில் இதைப் பார்த்திருக்கிறேன். ஈரல் களிமண் நிறத்தில் ஊதியிருக்கும், விரல் பட்டால் பொலபொலவென்று உதிரும். மஞ்சள் கருவுக்கான கொழுப்பை ஈரல்தான் தயாரிக்கிறது. சோறும் குருணையுமாக மாவுச்சத்தை ஏற்றிவிட்டு, புரதம் போதாமல் விட்டால் கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடும். வெயில் நாளில் முட்டைக்காக முக்கும்போதோ, பயந்து பறக்கும்போதோ ஈரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் போய்விடும். முந்தின நாள் நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியதும் இதோடு பொருந்துகிறது.

வெயில் இன்னொரு வகையிலும் கெடுக்கும். வாயைத் திறந்து இளைக்கும்போது ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு வெளியேறிவிடும். ஓடு கட்ட அதுவும் வேண்டும். அதனால் தீனி சரியாக இருக்கிற பண்ணையிலேயே சித்திரை, வைகாசியில் ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அதிகமாகக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது கடினமில்லை. மாமியாருக்குக் கடைத் தீவனம் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலேயே கலக்கலாம். பத்து கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் ஐந்தரை கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ, எண்ணெய் எடுத்த தவிடு ஒரு கிலோ, உப்புப் போடாத கருவாட்டுத்தூள் 400 கிராம், கிளிஞ்சல் நொறுக்கு ஒரு கிலோ, கோழிக்கான தாது உப்புக் கலவை 100 கிராம். புரதம் ஏறத்தாழ 17 சதவீதம், கால்சியம் நாலை ஒட்டி வரும். கம்பு கைவசம் இருந்தால் சோளத்தில் பாதியைக் கம்பாக்கிக்கொள்ளுங்கள். பூசணம் பிடித்த சோளம், புண்ணாக்கு எதுவும் வேண்டவே வேண்டாம், அந்த நஞ்சு நேராக ஈரலுக்குத்தான் போகும். சோறு நிறுத்த மனம் வராவிட்டால் கோழிக்கு ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், அதுவும் தீவனம் தின்ற பிறகு.

கிளிஞ்சலைத் தீவனத்தில் கலப்பது போக, தனிச் சட்டியிலும் வையுங்கள், முக்கியமாகச் சாயங்காலம். ஓடு கட்டுகிற வேலை பெரும்பாலும் ராத்திரி நடக்கிறது. முட்டை கருப்பையில் இருபது மணி நேரம் தங்குகிறது. அந்த நேரத்தில் இரைப்பையில் கிளிஞ்சல் இருந்தால் மெல்லக் கரைந்து கொடுத்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் எலும்பிலிருந்து எடுக்கும். இப்போது சாயங்காலம் உங்கள் கோழி வெறும் கம்போடு அடைகிறது.


எழுதியவர்: உடன்குடிக்காரி

நாமக்கல் அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து சிறுவிடை என்கிற நாட்டுக் கோழிதான். கம்பும் மிஞ்சின சோறும்தான் தீனி. லேயர் தீவனம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தோல்முட்டை எப்போதாவது ஒன்று, அவ்வளவுதான். அடைப்பு என்று ஒன்று வந்ததே கிடையாது. அப்படியானால் தீனிதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் பழுப்புக் கோழி இனமே பலவீனமோ என்று தோன்றுகிறது. பட்டீஸ்வரம் அக்கா, கோழி குணமானதும் சிறுவிடைக்கு மாறிவிடுங்கள்.


எழுதியவர்: நாமக்கல்காரன்

உடன்குடித் தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டீர்கள். சிறுவிடை பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்காரும். பொரித்து, குஞ்சு மேய்த்து, அப்புறம்தான் அடுத்த ஈடு. ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டை. இடையில் கிடைக்கிற அந்த ஓய்வில் எலும்பு திரும்ப நிறைந்துவிடும். பழுப்புக் கோழிக்கு அடைகாக்கிற குணத்தையே கழித்துத்தான் இனம் உண்டாக்கியிருக்கிறார்கள். ஓய்வு என்பதே அதற்கு இல்லை. அதைப் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். நாம் கேட்டதை விடாமல் கொடுக்கிறது, அதற்கு ஈடான தீனியை நாம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. உடன்குடி கடலோர ஊர். உங்கள் வாசல் மணலில் சிப்பித்துண்டும் கிளிஞ்சலும் கிடக்குமே, கோழி அதைக் கொத்துகிறதா என்று கவனித்துப் பாருங்கள். பட்டீஸ்வரம் வண்டல் மண்ணில் அது கிடைக்காது.


எழுதியவர்: கால்நடை மருத்துவர் (திருச்சி)

மேலே சொன்ன முதலுதவி சரியானது. சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தீனிக் குறைவால் வரும் தோல்முட்டை மெதுவாக, மாதக்கணக்கில் முற்றும். நோய் அப்படி வராது. ஒரே வாரத்தில் எல்லாக் கோழியின் முட்டையும் கெட்டு, தும்மல், மூக்கில் நீர் இருந்து, ஓடு சுருங்கி வரிவரியாக, வெள்ளைக்கரு தண்ணீராக வந்தால் ஐபி என்கிற மூச்சுக்குழாய் நோயை நினைக்க வேண்டும். கோழி நன்றாகவே இருந்து, பழுப்பு முட்டை திடீரென்று நிறம் வெளுத்து ஓடில்லாமல் விழுந்தால் இடிஎஸ் என்னும் வைரஸ் நோய். கழுத்து திருகல், பச்சைக் கழிச்சல் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் வைரஸ் நோய். கொல்லைக் கோழிக்கு இதற்கான தடுப்பூசி அவசியம். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறது. உங்கள் பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள்.

பெரியவளின் வயிற்றைப் பார்க்கும்போது கெட்டியான முட்டைக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பை போல் தளதளவென்று இருந்தால் சொல்லுங்கள். மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து, ஈ.கோலை கிருமி சேர்ந்து அழற்சியாகியிருக்கலாம். நடையும் நிற்கிற விதமும் முட்டை அடைப்பைப் போலவே இருக்கும். அதற்கு வெந்நீர் உதவாது, பரிசோதனை வேண்டும். ஆசனவாய் வழியாகச் சிவந்த சதை வெளியே தள்ளியிருந்தால் உடனே தனியாகப் பிரியுங்கள். மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலை இழுத்துவிடும்.

ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். முட்டை அடைப்புக்கு அதனால் பயனில்லை, அந்த முட்டையைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. மருத்துவமனையில் கால்சியம் ஊசி போட்டு, தேவைப்பட்டால் முட்டையை எடுத்துவிடுவார்கள்.

லேயர் தீவனம் முட்டையிடும் கோழிக்கு மட்டும். குஞ்சுகளுக்கும் வளரும் பொட்டைகளுக்கும் அவ்வளவு கால்சியம் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பு மேலெல்லாம் வெள்ளைப் பொடி படியும். சேவல் சேர்ந்து மேய்ந்தால், தீவனத்தில் கிளிஞ்சலைக் குறைத்துத் தனிச் சட்டியில் அதிகம் வையுங்கள். வேண்டிய பொட்டை தேடித் தின்னும்.


எழுதியவர்: கொல்லைத்தோட்டம் (பட்டீஸ்வரம்)

அண்ணா, டாக்டர், எல்லோருக்கும் நன்றி. முதல் தடவை வெந்நீரில் வைத்ததும் ஒன்றும் ஆகவில்லை. மதியம் திரும்ப வைத்துவிட்டு இருட்டறையில் விட்டோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வைக்கோலில் முட்டை. ஓடே இல்லை, வெறும் தோல், ஒரு பக்கம் கசங்கியிருந்தது. அதன் பிறகு தண்ணீர் குடித்தாள். காலையில் கொஞ்சம் தின்றாள். வால் இன்னும் பாதிதான் தூக்குகிறாள். வயிற்றில் தண்ணீர் மாதிரி எதுவும் தட்டவில்லை. நாளை மருத்துவமனைக்கு எடுத்துப் போகிறோம்.

மற்ற நாலையும் தடவிப் பார்த்தேன். இரண்டுக்கு நெஞ்செலும்பு நடுவில் வளைந்திருக்கிறது. மாமியாரும் தொட்டுப் பார்த்தார்கள். லேயர் தீவனமே வாங்கி வா என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மூன்று சந்தேகம். கும்பகோணத்தில் கேட்டதற்குக் கிளிஞ்சல் மாவாகத்தான் இருக்கிறது, அது பரவாயில்லையா? உடைத்த முட்டை ஓட்டையே கொடுத்தால் முட்டை கொத்துகிற பழக்கம் வருமா? அப்புறம் பெரியவள் கொஞ்ச நாள் முட்டை போடாமல் இருந்தால் நல்லதா, அதற்கு ஏதாவது செய்யலாமா?


எழுதியவர்: நாமக்கல்காரன்

நல்ல செய்தி. மருத்துவமனைக்குக் கட்டாயம் போய்வாருங்கள், உள்ளே இன்னொரு முட்டை தயாராக இருக்கலாம்.

மாவு தீவனத்தில் கலக்க ஆகும். சட்டியில் வைக்க ஆகாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலைத் தாண்டிவிடும், நடு ராத்திரிக்கு மிஞ்சாது. உடைத்த அரிசி அளவிலிருந்து மிளகு அளவு வரை நொறுக்காக வேண்டும். முழுக் கிளிஞ்சலாகக் கிடைத்தால் சாக்கில் கட்டி உலக்கையால் இடித்து, மாவைச் சலித்துத் தீவனத்துக்கும் நொறுக்கைச் சட்டிக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் காளவாயில் சுட்ட கிளிஞ்சல் வேண்டாம், சுடாததாகக் கேளுங்கள்.

முட்டை ஓடு தாராளமாகக் கொடுக்கலாம். கழுவி, வாணலியில் வறுத்து, ஓடு என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். முட்டை கொத்துகிற பழக்கம் ஓடு மெலிவதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஓடு கெட்டியானால் கொத்தினாலும் உடையாது, தானாக விட்டுவிடும்.

பெரியவளுக்கு ஓய்வு கிடைத்தால் நல்லதுதான். விளக்கு எதுவும் கூட்டில் எரியவிடாதீர்கள். வெளிச்ச நேரம் கூடக் கூட முட்டை உற்பத்தி தூண்டப்படும். அவள் பெட்டியை மாலையில் சீக்கிரமே சாக்குப் போட்டு மூடுங்கள், ஆனால் மூடுவதற்கு முன் கிளிஞ்சல் தின்றாளா என்று பாருங்கள். முட்டையை நிறுத்துவதற்காகத் தீனியையோ தண்ணீரையோ மட்டும் குறைத்துவிடாதீர்கள், இப்போது இருக்கிற நிலையில் அவள் தாங்க மாட்டாள்.

நெஞ்செலும்பு வளைந்த இரண்டையும் உயரமான கம்பில் அடைய விடாமல் முழங்கால் உயரத்தில் கம்பு கட்டுங்கள். அதுகளுக்குக் குதிக்கும்போது எலும்பு முறியும். வளைந்தது நிமிராது, ஆனால் தீனி சரியானால் இன்னும் வளையாது. ஓடு கெட்டியாவதைத் தெரிந்துகொள்ள, ராத்திரி போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இப்போது வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் ஒரே சீராகத் தெரிய ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆகாவிட்டால் முட்டை இரண்டை எடுத்துக்கொண்டு திரும்ப மருத்துவரிடம் போங்கள், அப்போது நோயைத் தேட வேண்டியதுதான்.